வங்காளி நாலு

நாகு,

கிண்ணத்தில் உன் தைராய்டு மாத்திரை நாலு வைத்திருக்கிறேன். எட்டு இல்லை. நேற்று நீ சொன்னதுதான் சரி. மருந்துக்கடைக்காரர் அட்டையில் எழுதியது வங்காளி எழுத்தில் நாலு. பார்க்க நாம் எழுதும் 8 மாதிரியே இருக்கிறது. அது தெரியாமல், "எனக்கே கணக்கு சொல்லித் தரயா?" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் சீட்டில் 0.1 மில்லிகிராம். அதாவது நூறு மைக்ரோகிராம். நம் மாத்திரை ஒன்று இருபத்தைந்து. வாட்ஸ்அப்பில் கேட்டேன், டாக்டரும் நாலுதான் என்கிறார். என் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டு மடங்கு உள்ளே போயிருக்கும்.

டிகாக்ஷன் இறக்கியாச்சு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடி. காளிகாட் மார்க்கெட் வரை போய்வருகிறேன்.

பி.கு. நான் வைத்தது சரியா என்று எண்ணிப் பார்ப்பாய். பார். கோபித்துக்கொள்ள மாட்டேன்.