அம்மா இடம் மாற்றிய படங்கள்

டயகம தோட்டம்,
2007 ஆடி மாதம்

அன்பு மகன் தர்ஷனுக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், நீயும் சுகம் என்று கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இங்கே மழை விட்டபாடில்லை, கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் அட்டைக்கடி வேறு, ஆனாலும் உன் அம்மாவுக்கு இந்தக் கிழமை முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. காரணம் உனக்குப் பாதிதான் தெரியும்.

கம்ப்யூட்டர் திருத்துகிறவர் வந்தால் சி டிரைவில் உள்ளதையெல்லாம் அழித்துவிடுவார், அதற்குள் மை டொகியுமென்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றுங்கள் என்று நீ கத்தாரிலிருந்து போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாயே, கடைசியில் லைன் அறுந்துவிட்டது. தங்கச்சி சுலக்ஷனாவின் கல்யாணப் படம் எல்லாம் அதற்குள்தான், கேமராக்காரர் தன்னிடம் இருந்ததை எப்போதோ அழித்துவிட்டாராம், கல்யாணத்துக்கு வரமுடியாத நீ இன்னும் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது, எழுத்துக்கூட்டிப் பார்த்து, பழைய இடத்தில் இருப்பதைப் புது இடத்துக்குக் கொண்டுபோகவா என்று கேட்கிறது, தொடாதே, அணைத்துவிடலாம் என்றேன். உன் அம்மாவோ, காம்பிரா மாறி குடிபோறப்ப சட்டிபானைய விட்டுட்டா போவோம், என்னாங்க நீங்க என்று சொல்லி யெஸ்ஸில் ஒரு தட்டு தட்டினாள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லோரையும் அதட்டுகிற கண்டாக்கையாவையே எதிர்த்துப் பேசியவளுக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம்.

வெள்ளிக்கிழமை அந்த மனிதர் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். போனபிறகு மை டொகியுமென்ட்ஸைத் திறந்தால் காலி. போச்சு என்று நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். பழைய காம்பிராவுல போய் தேடுனா எப்படிங்க இருக்கும் என்று அவள் டி டிரைவைத் திறந்தாள், மாலையும் கழுத்துமாகச் சுலக்ஷனா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லையடா, லயம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன், பூரணி அக்கா அடுப்பில் இருந்த ரொட்டியை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள், ரொட்டி கருகியதற்கு இன்னும் என்னைத் திட்டுகிறாள்.

மாப்பிள்ளை வந்து படங்களைச் சீடியில் ஏற்றித் தந்தார். லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பும் பூரணி அக்கா வீட்டுக்காரரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்திருக்கிறேன். உச்சி வெயிலில் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, நீ நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ அந்த ஆத்தாள் துணையிருப்பாள்.

ஒன்று மறந்துவிட்டேன். சீடியில் கல்யாணம் என்று தேடாதே. புது இடத்துக்கு ஏதாவது பெயர் வையுங்கள் என்று நீ சொன்னபோது உன் அம்மா சம்பளத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தன் பெயரையே அடித்தாள். நாம் இருக்கிற காம்பிரா தோட்டத்துடையது, வாசலில் நட்ட கறிவேப்பிலைகூடத் தோட்டத்து மண்ணில்தான் நிற்கிறது. அவள் பெயரில் உள்ள முதல் இடம் இதுதான் மகனே. வேலாயி என்று இருக்கும், அதைத் திற.

இப்படிக்கு
வேலாயி வீட்டுக்காரன், உன் அப்பா
அழகுமுத்து