மேல் கோடு, கீழ்க்கோடு

என்னங்க, நிஜமாவே தூங்கறீங்களா, கோவத்துல கண்ணை மூடிப் படுத்திருக்கீங்களான்னு தெரியலை. எழுப்பலை, இந்தச் சீட்டை எழுதி வெச்சுட்டு வேலைக்குக் கிளம்பறேன். கொத்தனார் பத்து மணிக்கு வந்து சமையல் மேடைக்குக் கல் பதிக்கப் போறாரு. பதிச்சிட்டா மாத்த முடியாது. சுவத்துல ரெண்டு பென்சில் கோடு இருக்கு. கீழ இருக்கிறது என் உயரத்துக்கு, மேல இருக்கிறது உங்க உயரத்துக்கு. கீழ்க்கோட்டைக் காட்டுங்க.

"இனிமே நான்தானே சமைக்கப் போறேன்"னு நேத்து நீங்க சொன்னப்போ, கொத்தனார் எதிர்ல நான் சிரிச்சிருக்கக் கூடாது. வேலை போன மனுஷன்கிட்ட சிரிக்கிற சிரிப்பா அது. ஆனா இத்தனை வருஷத்துல வெந்நீர் வெச்சதைத் தவிர அடுப்படியில என்ன செஞ்சிருக்கீங்க, சொல்லுங்க.

பாத்திரம் கழுவற தொட்டி ஜன்னலுக்குக் கீழ வரணும். அடுப்பு அங்க வேண்டாம், காத்துல அணைஞ்சுடும். பின்கதவுச் சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு, மணல் அந்த வழியா வரட்டும்.

இடம் இல்லை, ஓரத்துல எழுதறேன். என் பை ஏன் இவ்வளவு கனமா இருக்குன்னு தெருமுனையில திறந்து பார்த்தேன். டிபன் டப்பா. எப்ப எழுந்து செஞ்சீங்க? உருளைக்கிழங்கு அடிப்பிடிச்சிருக்கு. உப்பு சரியா இருக்கு. திரும்பி வந்து கீழ்க்கோட்டை அழிச்சுட்டேன். பஸ் போயிடுச்சு, போகட்டும். நான் சமைக்கற அன்னிக்குப் பலகை போட்டு ஏறி நின்னுக்கறேன்.