கால் சைஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்புச்செல்வியின் வணக்கம். நான் நலம். உன் முட்டிவலி கம்மியாச்சா? என் போனை ஹோட்டல் மேடம் வாங்கி வைத்திருக்கிறார். அதனால் லீவில் ஊருக்கு வரும் சமையல்காரர் மாறன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஹோட்டல் ரிசப்ஷன் வேலை இன்னும் தரவில்லை. கம்பத்தைப் பிடித்து ஆடும் டான்ஸ் கற்றுத் தருகிறார்கள். உடற்பயிற்சி மாதிரிதான், பயப்படாதே. நேற்று ஹீல்ஸ் செருப்புகளைப் பரப்பி வைத்து, "புதுசா கத்துக்கறவ நீ, கணுக்கால்ல வார் வச்சத எடு, கழண்டு போவாது" என்றார் மேடம். நான் வார் இல்லாததை எடுத்தேன். சட்டென்று உதறிவிடலாம். வெறுங்காலில் மலை சுற்றிய கால்தானே, ஓடும்.

மாறன் அண்ணன் திரும்பும்போது வறுத்த மல்லாட்டையும் என் பாஸ்போர்ட் ஜெராக்ஸும் கொடுத்துவிடு.

செருப்பெல்லாம் என் சைஸிலேயே இருந்தன. யூனிஃபார்ம் ஷூவுக்கு என்று ஏஜென்ட் சுரேஷ்குமார் நம் வீட்டில் என் காலை அளந்தாரே, அந்த அளவு. ஒரு புது ஜோடி மட்டும் சின்னது. யாருக்கு என்று கேட்டேன், மேடம் சிரித்தார். அன்றைக்கு விளையாட்டுக்கு என்று தங்கச்சி ஆர்த்தியின் காலையும் சுரேஷ்குமார் அளந்தார், அம்மா.

கூப்பிடுகிறார்கள். ஆர்த்தியை எங்கேயும் அனுப்பாதே.

அன்பு