இடது கைக்கு நான்கு கருவிகள்

அன்புள்ளவருக்கு,

உங்கள் தையல்காரி எழுதுவது. நானும் மகளும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை உங்கள் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புண் நன்றாக ஆறிவிட்டதாம். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டாராம். நீங்கள்தான் இன்னும் ஒரு மாதம் இருக்கிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்களாம். "வலது கையை மிஷினுக்குக் கொடுத்துட்டேன். இனி வீட்டுக்கு வந்து என்னத்தைக் கிழிக்கப்போறேன்" என்று கேட்டீர்களாம். இதைச் சொல்லும்போது தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது.

இடது கைக்குத் தினமும் வேலை இருக்கவேண்டும், மண் வேலை ரொம்ப நல்லது என்று ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொல்லையைச் சுத்தம் செய்துவிட்டோம். சுவர் கட்டப்போகிறேன் என்று ஒன்பது வருஷமாக நீங்கள் அடுக்கி வைத்திருந்த செங்கல்லை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள். கீழே மண் நன்றாகவே இருக்கிறது. மகள் தக்காளி விதை போட்டிருக்கிறாள்.

அடுத்தது கருவிகள். இரும்புக் கடைக்காரர் பன்னிரண்டு சாமான் அடங்கிய பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். அதில் பாதி எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. நான்கு போதும் என்றேன். மண் கிளற ஒரு கைக்கொத்து, நாற்று நட ஒரு கரண்டி, கிளை வெட்ட ஒரு கத்தரி, ஒரு பூவாளி. மண்வெட்டிக்கு இரண்டு கை வேண்டும். அதை எனக்கென்று தனியாக வாங்கிக்கொண்டேன்.

கழுத்தில் கிடந்த அளவு டேப்பாலேயே என் வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இடது கையில் பிடித்துப் பார்த்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கத்தரிதான் படாதபாடு படுத்தியது. எல்லாவற்றிலும் வாயைப் பூட்டுகிற கொக்கி வலது கைக் கட்டைவிரலுக்குத் தோதாகவே இருக்கிறது. ஏழாவதாகப் பார்த்ததில் கொக்கி அடியில் இருந்தது. அதை எடுத்தேன். பூவாளியில் பாதி தண்ணீர் நிரப்பச் சொல்லித் தூக்கிப் பார்த்தேன். மூன்று தடவை என் காலிலேயே ஊற்றிக்கொண்டேன். அப்போதுதான் உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் பார்த்துவிட்டு, "இது உன் கைக்கு வாங்கினதும்மா. அப்பா கை எவ்வளவு பெருசு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்கள் பட்டறைக் கையுறைகளில் இடது கைக்கானதை எடுத்து, அதற்குள் வெட்டுத் துணியை அடைத்து, கொத்தின் பிடியைச் செருகினேன். நிற்காமல் நழுவி விழுந்தது. அளவு நோட்டில் உங்கள் பக்கத்தைப் புரட்டினேன். தோள், மார்பு, கை நீளம், மணிக்கட்டு எல்லாம் இருக்கின்றன. உள்ளங்கை இல்லை. பதினெட்டு வருஷமாகப் பிடித்த கையை நான் அளந்ததே இல்லை.

திரும்பக் கடைக்குப் போனேன். தடித்த பிடி போட்டுத் தருவாராம். ஆனால் பிடிக்கிற ஆள் வரவேண்டுமாம், இன்னொருவர் கையை வைத்துக் குத்துமதிப்பாகப் போடமுடியாதாம். ஆள் வராமல் சட்டை தைக்கச் சொல்பவர்களிடம் நான் தினமும் சொல்வதை என்னிடமே சொன்னார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உங்களைப் பார்க்க வந்த இரண்டு முறையும் அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டீர்கள். நானும் கேட்கவில்லை. கேட்காதது என் தப்பு. உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். நான் பார்க்கப் பயப்படுகிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்குப் பயமில்லை. இத்தனை நாள் நீங்கள் தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்குப் போக டாக்டரிடம் சீட்டு வாங்கி வையுங்கள். செடி வைக்காவிட்டால் போகிறது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி. வீட்டுக்கு வாருங்கள். போர்வை இல்லாமல் வாருங்கள்.

உங்கள் உடம்பும் மனசும் தேற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும்,
உங்கள் தையல்காரி