உங்கள் கல்லும் எங்கள் பேரும்

தலைவரே,

இன்று காலை உங்கள் அடிக்கல்லின் மேல் யாரோ மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். அமைச்சரின் பெயர் வெட்டிய இடத்தில்தான் நல்ல வெயில் விழுகிறது போலும். நெடி மூக்கில் ஏறித் தும்மினேன். தும்மியதும் உங்கள் நினைவு வந்தது. உங்களை நினைக்க இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்காது.

நீங்கள் இந்தக் கல்லை நாட்டிய வருடம் ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டக் கம்பனி வாரத்தில் பாதி நாள்தான் வேலை கொடுத்தது. அப்போதுதான் இரத்தினபுரியிலிருந்து அமைச்சரைக் கூட்டிவந்து, காலையில் எங்களை வேலைக்கு எண்ணிப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிறுத்தினீர்கள். மாகாணத்தின் பொருளாதாரத்தை மீண்டும் கட்டியெழுப்பப் போவதாக அவர் சிங்களத்தில் இரண்டு வரி பேசினார். நீங்கள் அதைத் தமிழில் அரை மணி நேரம் பேசினீர்கள். "வீட்டுக்கொரு வேலைங்க! கையுறை ஃபெக்டரி வருது. இனி யாரும் கொழும்புக் கடையில எச்சித் தட்டு கழுவ வேணாம்." எங்களில் பாதிப் பேருக்கு உங்களைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். அவர் தட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் கை தட்டினோம். வயிறு காய்ந்தால் கை தானாகத் தட்டும்.

கம்பனி வேலை இல்லாத நாட்களில் என் வீட்டுக்காரர் பக்கத்து நாட்டுக்கு, தோட்டத்துக்கு வெளியே இருக்கும் சிங்களக் கிராமத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், போய் ஒரு முதலாளியின் ரப்பர் மரங்களில் பால் வெட்டினார். எங்கள் அடுப்பு எரிந்தது அந்த மரங்களால்தான். சில வாரம் கழித்து, அடிக்கல் நாட்டுவதற்கு முதல் நாள், நீங்கள் எங்கள் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக வந்து சொன்னீர்கள்: "நாளைக்கு எல்லாரும் வந்துருங்க. வந்தவங்களுக்கெல்லாம் பேரு உண்டு."

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பால் குறைந்தால் அரைப் பேர், கங்காணிக்குக் கோபம் வந்தால் அதுவும் இல்லை. அதனால் என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். "தலைவரே சொல்றாரு, முழுப் பேரு. ஃபெக்டரியும் வந்துட்டா நாட்டுக்கு எதுக்குப் போகணும்?" என்றார். அடிக்கல் நாளன்று முதலாளியின் மரங்கள் வெட்டாமல் கிடந்தன.

அமைச்சர் மதியத்துக்கு மேல் வந்தார். வெயிலில் நின்ற எங்களைப் பார்க்காமலே கல்லில் சாந்து பூசினார். அவர்களுக்குப் பாற்சோறு, எங்களுக்குச் சர்க்கரை குறைந்த தேத்தண்ணீர். வாகனங்கள் போனதும் என் வீட்டுக்காரர் கணக்கப்பிள்ளையிடம் பேர் கேட்டார். அவர் சிரித்துவிட்டு உங்களைக் கை காட்டினார். நீங்களும் சிரித்தீர்கள். "நான் சொன்னது ஃபெக்டரி வேலைக்குப் பேரு எழுதுறதப்பா. சம்பளப் பேருன்னு எவன் சொன்னான்?"

எவன் சொன்னானா? அதே லயத்தில் பிறந்து, அதே பெரட்டில் நின்று பேர் வாங்கி வளர்ந்த மனிதருக்கு அந்தச் சொல் என்னவென்று தெரியாதா? கூட்டம் சேர்க்க அந்தச் சொல்தான் வேண்டும் என்று தெரிந்தே எடுத்தீர்கள். எனக்கு அன்றும் அருவருப்பாக இருந்தது, இன்றும் அப்படித்தான்.

மறுநாள் முதலாளி வாசல் படலையிலேயே நின்று, "ஹெட்ட இந்தலா என்ட எப்பா" என்றார். நாளையிலிருந்து வர வேண்டாமாம். மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார். ஃபெக்டரி வரவேயில்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார். என்ன வேலை என்று நான் சொல்ல வேண்டுமா?

உங்கள் திட்டத்தில் வேலையே உருவாகவில்லை என்று சொன்னால் அது பொய். ஒன்று உருவானது. ஆடு மாடு கல்லில் உரசாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர், மாகாணச் சம்பளத்தில். உங்கள் மருமகன். பாவம், அவரும் பகலில் தூங்கிவிடுவார்.

போன மாதம் உங்கள் செத்த வீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் உங்களைப் புகழ்ந்து தள்ளினார்கள். அன்று கொழும்பிலிருந்து போனில், "மனுசன் போய்ட்டாரு, இனியாச்சும் திட்டாத" என்றார் என் வீட்டுக்காரர். "சரிங்க" என்றேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டப் போவதில்லை.

இப்போது மறுபடியும் ரப்பர் விழுந்துவிட்டது. வெளிநாட்டில் கார் வாங்க ஆளில்லையாம், அதற்கு நாங்கள் இங்கே பட்டினி. போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒருவர் மைக்கோடு வந்தார். நான் போகவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். யாராவது மைக்கைத் தட்டிப் பார்த்தால், வேலைக்குக் கிளம்ப என் கை பால் வெட்டும் கத்தியைத் தேடுகிறது. அன்று நேரே நாட்டுக்குப் போய் அந்த முதலாளியின் மகளைப் பார்த்தேன். விலை இல்லாததால் அந்த மரங்களைச் சீந்துவாரில்லை. கிடைக்கும் பாலில் பாதிக்குப் பாதி என்று பேசி, எல்லா மரங்களையும் வெட்ட எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "தட்டு கழுவுனது போதுங்க. வந்துருங்க, வேலை இருக்கு."

அவர் பயந்துவிட்டார். "யாரு குடுக்கிறா?"

"நான்தாங்க" என்றேன்.