எடையில் சேராத துண்டு

ஓய், இன்று காலை வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே கருப்பட்டி. கருப்பட்டி அட்டைப்பெட்டியில் வரும் கண்றாவியைப் பார்க்க நீர் இல்லாமல் போனதும் நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், நீர் இருந்திருந்தால் இந்தப் பெட்டி எதற்கு என் வீட்டுப் படியேறப் போகிறது என்று திருத்திக்கொண்டேன்.

மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்தாயிற்று. பெண் குழந்தை. மூக்கு மட்டும் என்னுடையது; பாவம், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. பிரசவ மருந்து கிண்டக் கருப்பட்டி வேண்டுமென்று என் மனைவி அவள் போனில் பார்த்தாள். நான் என் போனில் பார்த்தேன். ஒரே கம்பெனி, ஒரே பொட்டலம், ஒரே நேரம். அவள் போனில் விலை கூடுதல். என் போனில் குறைவு.

"ஒங்க போன் மட்டும் என்ன, அதுக்குச் சொந்தக்காரனா?" என்று கேட்டாள்.

செல்வினைக் கூப்பிட்டேன். அந்தக் காலத்தில் வண்ணார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தானே, அதே செல்வின். இப்போது போன் பழுது பார்க்கிறான். "அண்ணாச்சி, அக்கா அவங்க போன்ல பிள்ளைத் துணி, தொட்டில்னு தேடிருப்பாவ. பேறுகால வீடு, எப்படியும் வாங்கித்தான் ஆவாவன்னு வெலைய ஏத்திருக்கும். அப்படித்தான் எல்லாரும் பேசிக்கிடுதாவ, நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீங்க என்னத்தத் தேடுனியளோ, அது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்."

நான் தேடியது முழங்கால் தைலமும் நடிகைகளின் விவாகரத்தும். இவனிடம் என்ன பெரிதாய்த் தேறிவிடப் போகிறது என்று அந்த யந்திரம் என்னைச் சரியாகவே எடை போட்டிருக்கிறது. அது போகட்டும். பேறுகால வீடு என்று தெரிந்து விலை ஏறுகிறது என்றானே, அந்தச் சொல்தான் ஓய், அன்றிலிருந்து என்னை விடமாட்டேன் என்கிறது.

ஜங்ஷனில் உமது கருப்பட்டிக் கடையில் விலைப்பலகை என்று ஒன்று கிடையாது. அப்போது இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த நான், சாயங்காலம் அங்கே வந்து அமரும் ஈக்களில் ஒருவன். மற்ற ஈக்கள் ஓட்டினால் போய்விடும். நீர் ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்வீர். காரில் வந்து இறங்கும் பாங்க் மேனேஜருக்கு உயரமாய் ஒரு விலை. அவர் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கி, நியாய விலைக்கு வந்து சேர்ந்து, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையே மீட்டுவிட்ட முகத்தோடு போவார். விலை படியாமல் இரண்டு எட்டு வைத்துப் போகிறவர்களை, "ஏலே, போற மாதிரி நடிக்காத, இங்கன வா" என்று திரும்பக் கூப்பிடுவீர். பிரசவ மருந்துக்கு என்று ஒருவர் வந்துவிட்டால் மட்டும் பேரமே கிடையாது. உமக்கு அடக்கம் என்னவோ அதுதான் விலை.

"பிள்ளை பெத்த வீட்ல லாபம் வைக்கக் கூடாதுவே. செரிக்காது."

எடை போட்டுக் கட்டிய பிறகு ஒரு சின்னத் துண்டை உடைத்து, வந்தவர் கையில் வைப்பீர். "இது எடையில சேராது. வாயில போட்டுக்கிடுங்க." மேனேஜருக்கும் உண்டு, மூட்டை தூக்குகிறவருக்கும் உண்டு. எனக்கு மட்டும் "நீரு எடுத்ததுக்கே இன்னும் எடை போடல வே" என்பீர்.

இன்டர்நெட் வந்த புதிதில், மஸ்கட்டில் இருந்த உமது மச்சினன் கிளப்பிவிட்டுத்தான் செல்வினிடம் போனோம். அவன் உமது கடைக்கு ஒரு வெப்சைட் செய்தான். மேலே நட்சத்திரங்கள் மினுக்கும், கடைப்பெயர் வலமிருந்து இடமாக ஓடும், நடுவில் உடன்குடிக் கருப்பட்டியின் படம், ஏதோ தவறு செய்துவிட்டுப் போலீசில் படம் பிடிக்கப்பட்ட மாதிரி. எல்லாம் முடிந்து, "வெல என்ன போடட்டும் அண்ணாச்சி?" என்றான்.

"வெல எதுக்குலே?"

"வெல போடாம வெப்சைட்டா? உலகத்துல எங்கயும் கெடையாது."

"எழுதி வச்சுட்டா வாரவன் வாயத் தொறக்க மாட்டாம்லா. வாயத் தொறக்காம எப்படிலே யாவாரம்?"

அப்படித்தான் உலக வலையில் 'விலை: பேசிக்கொள்ளலாம்' என்று போட்டுக் கடை திறந்த ஒரே ஆள் நீராக இருந்தீர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் மெயில் வந்தது, ஓய். நீர் நெல்லைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் இரண்டு விரலால் ஆங்கிலத்தில் தட்டினேன். அமெரிக்காவில் இருந்து ஒரு டாக்டர், கடைசி விலை என்ன என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். "யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேளும்" என்றீர். கேட்டேன். மூன்றாவது மெயிலில் அவர் ஆழ்வார்திருநகரி என்றும், அவர் மாமனார் உமது அப்பாவிடம் சில்லுக்கருப்பட்டி வாங்கியவர் என்றும் தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அவர் விலை கேட்கவேயில்லை. அதற்காக நீர் ஏற்றவும் இல்லை. எனக்குத்தான் அந்த வருத்தம்.

சிங்கப்பூரில் இருந்து எழுதிய மேலப்பாளையத்து அம்மாவை நினைவிருக்கிறதா? மகளுக்குப் பேறுகாலம் என்று ஒரு வார்த்தை எழுதினார். உடனே அடக்க விலை. பிள்ளை பிறந்ததும் போட்டோ அனுப்பினார். அந்த நாள் இணைப்பில் படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். முதலில் ஃபேன் வந்தது. பிறகு ஜன்னல் கம்பி. பிறகு யாரோ ஒருவர் நெற்றி. நீர் ஸ்டூலைவிட்டு எழுந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பிள்ளை முகம் வரும்வரை நின்றே பார்த்தீர். "அல்லா காப்பாத்தட்டும்னு போடும்வே, அவங்க பாசையில" என்றீர். கருப்பட்டி விற்ற முகமா அது? பேரப்பிள்ளை பார்த்த முகம்.

பிறகுதான் இதே கம்பெனியில் இருந்து கோட்டுப் போட்ட தம்பி வந்தான். சித்திரை வெயிலில், திருநெல்வேலியில், கோட்டு! ஹோட்டல் ஹாலில் யாவாரிகளை எல்லாம் உட்காரவைத்து, திரையில் அம்புக்குறிகளை விட்டான். இனிக் கடை வேண்டாம், எங்கள் தளத்தில் சரக்கைப் போடுங்கள், இந்தியா முழுக்கப் போகும். விலை ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும்.

"ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு விலை சொல்றது நேர்மை இல்ல சார்" என்றான்.

அந்த 'நேர்மை'தான் உம்மைக் குத்தியது. டம்ளரைப் பக்கத்தில் இருந்த என் கையில் கொடுத்தீர். எழுந்து கேட்டீர்: "பேறுகால வீடு வந்தா என்ன செய்விய தம்பி?"

"கஸ்டமர் யாருன்னே நமக்குத் தெரிய வேண்டாம் சார். அதுதான் இதோட அழகே."

யாரென்று தெரியவேண்டாமாம். இன்று என் வீட்டில் பால் குடிக்கும் குழந்தை இருப்பது வரை அந்த யந்திரத்துக்குத் தெரிகிறது. நீர் முகத்தைப் பார்த்து இறக்கினீர், நேர்மை இல்லை. அது ஒளிந்திருந்து பார்த்து ஏற்றுகிறது, அதற்குப் பெயர் தொழில்நுட்பம். அந்தத் தம்பி இப்போது எந்த ஊரில் எந்தக் கோட்டில் இருக்கிறானோ. அவனுக்கு நல்ல வேர்க்குரு வரட்டும்.

உடனே சேரவில்லை நீர். ஆனால் கடையில் பாங்க் மேனேஜர் வருவது நின்றது. டாக்டர் மெயில் நின்றது. மச்சினனே அந்தக் கம்பெனியில் வாங்கிவிட்டு, "சும்மா பாக்கத்தான் வாங்கினேன் அத்தான்" என்றான். கடை நிற்க வேண்டுமானால் வேறு வழியில்லை என்று சேர்ந்தீர். ஒரே விலை போட்டீர். வாங்குபவரோடு பேசக்கூடாது, சரி. தீபாவளி விற்பனைக்குச் சரக்கைக் கூட்டி வையுங்கள் என்றார்கள், அதுவும் சரி. உடன்குடியில் இருந்து எடுத்துக் கூரை முட்ட அடுக்கினீர்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் பொட்டலத்தில் ஒட்டவந்த சீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டீர். "வே, சிங்கப்பூர்க்காரம்மா பேருல்லா போட்டிருக்கு! மேலப்பாளையத்து வீட்டுக்குப் போவுது. ரெண்டாவது மவளுக்கா இருக்கும்!" முகம் அன்றைக்கு ஸ்டூலைவிட்டு எழுந்த முகம். விலையில் கைவைக்க முடியாது. அதனால் கட்டிய பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டுக் கருப்பட்டியும் ஒரு பிடி சுக்கும் உள்ளே வைத்து மறுபடி ஒட்டினீர். "இது எடையில சேராது" என்று உமக்குள்ளேயே சொல்லிக்கொண்டீர்.

சேர்ந்துவிட்டது, ஓய். கம்பெனியின் தராசில் சேர்ந்துவிட்டது. அறிவித்த எடைக்கும் பொட்டலத்தின் எடைக்கும் வித்தியாசம், சந்தேகத்துக்கு இடமான சரக்கு என்று சொல்லி உமது கணக்கை நிறுத்திவைத்தார்கள். நான் அவர்கள் நம்பருக்கு அடித்தேன். பெண்குரலில் ஒரு யந்திரம் பேசியது. பொருள் குறைவாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். சேதமாக இருந்தால் இரண்டை. வேறு பொருள் வந்திருந்தால் மூன்றை. கூடுதலாக இருந்தால் அழுத்த எண்ணே இல்லை. எல்லா எண்ணையும் அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பாட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

"கூடக் கொடுத்தவனுக்கு அதுல எடமே இல்லையாவே?" என்று கேட்டீர். நான் மறுபடியும் அதே நம்பரை அடித்தேன்.

வெளியே மழை. நிறுத்திவைத்த கணக்கு திறக்கவில்லை, மழையும் நிற்கவில்லை. ஈரக்காற்றில் கருப்பட்டி முதலில் வேர்த்தது, பிறகு கசிந்தது, பிறகு கூரைவரை அடுக்கியிருந்ததெல்லாம் ஒன்றோடொன்று இளகி வாசல்படிவரை வழிந்தது. எறும்புகள் பேரம் பேசாமல் வந்தன. தைக்குள் கடையை விட்டுவிட்டீர். அங்கே இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? அதே கம்பெனியின் பொட்டலங்களை இறக்கிப் பிரித்து அனுப்பும் கிட்டங்கி. இன்று காலைப் பெட்டியும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. உமது கடையிலிருந்துதான் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வேண்டாம், எனக்கே கேவலமாக இருக்கிறது.

நீர் போன அன்று உம்மை நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். தலைமாட்டில் கிடந்த உமது போன் 'டிங்' என்றது. மதினி அதை எடுத்து என்னிடம் நீட்டி, "என்னன்னு பாருங்க கொழுந்தனாரே, யாருக்கும் தாக்கல் சொல்ல விட்டுப்போச்சா?" என்றார்கள். பார்த்தேன். அந்தக் கம்பெனி. 'உங்களைக் காணாமல் வாடுகிறோம். திரும்பி வாருங்கள், சிறப்புச் சலுகை காத்திருக்கிறது.' போகிறவரைத் திரும்பக் கூப்பிடும் அந்தப் பழக்கத்தையும் உம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். "யாரோ தெரிஞ்சவங்க விசாரிச்சிருக்காங்க மதினி" என்று சொல்லி அணைத்துவைத்தேன்.

இன்று பெட்டியை என் மனைவி பிரித்தாள். அட்டை வாசனைதான் வந்தது. சந்தேகப்பட்டுச் சமையலறைத் தராசில் வைத்தாள். போட்டிருந்த எடை அப்படியே இருந்தது; ஒரு தூள் குறைவில்லை, ஒரு தூள் கூடுதலும் இல்லை. கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்று போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், நரைத்த மீசை, சட்டை முழுக்க வேர்வை. என் கை தானாக ஒரு துண்டை உடைத்து நீட்டியது.

"இது எடையில சேராது அண்ணாச்சி. வாயில போட்டுக்கிடுங்க."

அவர் பயந்துபோய் ஒரு படி இறங்கினார். "ஐயோ, வேண்டாம் சார். கஸ்டமர் வீட்ல ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு சொல்லிருக்காவ. கம்ப்ளெயின்ட் ஆயிரும். அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுருங்க, போதும்." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டார் போட்டேன். துண்டு கையிலேயே இருந்தது. வாயில் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் சீனி, ஓய்.

உம்மிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த நீட்டுகிற கைதான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்று தெரிந்தும், இனிப் பெட்டி வரும்போதெல்லாம் அது வாசலில் நீளத்தான் போகிறது. இதை எப்படி மடக்குவது என்று மட்டும் நீர் சொல்லித் தரவில்லை.