இடது பின்பக்கம் ஒரு விரல் உயரம்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

களிமண் வேலை இன்றோடு முடிந்தது. விளாச்சேரியிலிருந்து மூட்டையாக வாங்கி வந்த மண். எங்கள் லான்சர் காரின் நாலு சக்கரத்துக்கும் மேலே அப்பி, வழித்து, உள்ளங்கையால் தடவித் தடவி வளைவு வைத்தாயிற்று. அகலமான டயர் போட்டால் வண்டியின் உடம்பும் அகலமாக வேண்டும். வைட்பாடி என்றால் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம், முதுகு ஒடிந்துவிட்டது.

மாமியார் எட்டிப் பார்த்து, "எருமைக்கு இடுப்பு வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்துச் சிரித்து மண்ணெல்லாம் முகத்தில்.

பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவளுக்கு ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும் பயமில்லை. இந்த மண் வேலைதான் பயமாக இருந்தது. நாளைக்கு இதன்மேல் ஃபைபர் ஒட்டி அச்சு எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் உயரம் அளந்தேன். இவர் பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். இவர் என்றால் ஜெயபாண்டி. பெயரை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வாயில் வருவது மாமாதான்.

"மாமா, பின் டயர்ல காத்து கம்மியா தெரியுதே, அடிச்சிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. நீ அள."

தரையிலிருந்து டேப் பிடித்து, நாலு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு போட்டேன்.

20 ஆகஸ்ட்

ரெசின் நாற்றம் தாங்கவில்லையென்று பக்கத்து வீட்டில் சண்டை. மாமா போய்ப் பேசி, சிரிக்க வைத்து, அவர்கள் வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டு வந்தார். மெடிக்கல் ரெப் வாய். அந்த வாய்க்குத்தானே நானும் மயங்கினேன்.

13 அக்டோபர், ஞாயிறு

வளைவுகளை வண்டியில் ஒட்டி, இன்று தள்ளி நின்று பார்த்தேன். இடது பின்பக்கம் ஒரு விரல் உயரமாக நிற்கிறது. முதலில் கண் கோளாறு என்று நினைத்தேன். டேப் வைத்துப் பார்த்தேன். கோளாறு கண்ணில் இல்லை.

காற்று அடிக்கவேயில்லை! அன்றைக்கு அந்த டயர் சப்பிப்போய், வண்டி இடது பக்கம் இறங்கி நின்றிருக்கிறது. நான் தரையிலிருந்து அளந்தேன். தரை சமமாக இருந்தது, வண்டி சமமாக இல்லை. இறங்கி நின்ற பக்கத்தில் வளைவு ஏறிக்கொண்டது. வண்டியின் உடம்பிலிருந்து அளந்திருக்க வேண்டும், அது என் தப்பு.

"அடிச்சாச்சுன்னு சொன்னீங்கள்ல?"

"அடிக்கலாம்னுதான் இருந்தேன் புள்ள. மறந்துட்டேன்."

கத்தினேன். சாயங்காலம் பருத்திப்பால் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியப் போகுது?" பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொண்டு உடைத்துத் திரும்பச் செய்தால் பிப்ரவரியில் கோயம்புத்தூர் கார் கண்காட்சிக்கு வண்டி போகாது. விட்டுவிட்டேன். பருத்திப்பால் நன்றாக இருந்தது.

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அடர் நீலம். பாலிஷ் போட்டபின் அதில் என் முகம் தெரிந்தது. என் கையால் இப்படி ஒன்று வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் நான் போகமுடியாது. கண்காட்சி நடக்கிற ஏழு, எட்டு இரண்டு நாளும் செய்முறைத் தேர்வு டியூட்டி, அதுவும் வேறு பள்ளியில். அழுதேன். வெட்கமில்லாமல், குழந்தை மாதிரி.

"நீ வராட்டி என்ன, ஒம் பேரு வரும்ல" என்று மாமா சிம்மக்கல்லுக்குக் கூட்டிப்போனார். போர்டு அடித்தோம். "வடிவமைத்துக் கட்டியவர்: சத்யப்ரியா, மதுரை." பத்திரிகைத் தாளில் சுற்றி, நானே சணல் கட்டி, பின்சீட்டில் வைத்தேன். இந்த உடம்போடு ரோட்டில் ஓட்ட ஆர்.டி.ஓ. விடமாட்டார்கள். மாமாவின் சிநேகிதர் மருதுவின் லாரியில்தான் போகிறது.

8 பிப்ரவரி, சனி

சாயங்காலம் போன். "கூட்டம்னா கூட்டம் புள்ள! அம்புட்டுப் பேரும் நம்ம வண்டியச் சுத்தித்தான்!" என் போர்டைப் பார்த்தார்களா என்று கேட்டேன். "இங்கன ஒரே சத்தமா இருக்கு, வந்து பேசுறேன்."

9 பிப்ரவரி

வண்டி வந்தது. பின்சீட்டில் போர்டு. நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கிறது.

மறந்துவிட்டாராம்.

11 பிப்ரவரி, தைப்பூச லீவு

மருது அண்ணன் வீடியோ ஒன்று அனுப்பினார். "தங்கச்சி, மாப்ள கலக்கிட்டான் பாத்தியா!" என்று ஒரு வரி. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

ஒரு பையன் மைக்கை நீட்டுகிறான். யாருண்ணே கட்டினது? இவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான்தான் தம்பி. வீட்டுலயே. தனியா" என்கிறார்.

தனியா.

பையன் வண்டியைச் சுற்றி வந்து இடது பின்பக்கம் நிற்கிறான். இது மட்டும் ஏண்ணே ஒசரமா இருக்கு? இவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "கரெக்டா பிடிச்சீங்க! நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டுறோம்ல, ரோட்டோரம் சரிவா இருக்கும். அதுக்குத் தக்கன ஒசத்திருக்கேன். ஒரு வருசம் யோசிச்ச டிசைன்." சுற்றி நிற்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள்.

அடப்பாவி! காத்தடிக்காத டயரு! ஒன் சோம்பேறித்தனம், என் தப்பு, ரெண்டும் சேந்து நிக்குது அங்கன. அதுக்கு டிசைன்னு பேரு வச்சுட்டியேய்யா!

கடைசியில், வீட்டில் எப்படிண்ணே என்று கேட்கிறான். "வீட்டம்மா டீ போட்டுக் குடுப்பாங்க. ஃபுல் சப்போர்ட்."

எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று தெரியவில்லை. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியில் ரேகை அழிந்துபோய், பள்ளிக்கூடத்தில் கைரேகை வைத்தால் மெஷின் எடுப்பதில்லை. டீ போட்டேனாம் நான்.

12 பிப்ரவரி

கேட்டேன். ஒளிக்கவில்லை, கோபப்பட்டார்.

"மைக்க நீட்டிட்டான், என்னத்தச் சொல்ல? பொம்பள கட்டுனதுன்னா சிரிக்க மாட்டானுகளா? நம்புவானுகளா?"

"சொல்லிப் பாத்தீங்களா?"

"ஒன்னுது என்னுதுன்னு பிரிக்கிறியா இப்ப? அப்படிப் பாத்தா ஆர்.சி. புக்கு யாரு பேர்ல இருக்கு?"

இவர் பேரில்தான். வண்டி வாங்கும்போது, "உங்க பேர்லயே இருக்கட்டும் மாமா" என்று சொன்னவள் நான்தான். அன்றைக்கு அதை ஆசையாகச் சொன்னேன். அந்த ஆசையை எடுத்து இன்றைக்கு என் முகத்தில் அடித்துவிட்டார்.

14 பிப்ரவரி

மாமியாரிடம் வீடியோவைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இவனா கட்டுனான்? சைக்கிளுக்குச் செயின் மாட்டவே அடுத்த வீட்டுக்காரனக் கூப்புடுவானே!" எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சரி விடு. ஆம்பள பேரு வந்தா என்ன, வீட்டுக்குத்தான வருது? வெளிய சொல்லிக் கேவலப்படுத்திராத."

தெரிந்தே சொல்கிறார். அதுதான் தாங்கவில்லை.

2 மார்ச்

வண்டி நிற்கிற ஷெட் பக்கமே போகவில்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

வீடியோவை ஊரே பார்த்திருக்கிறது போல. உசிலம்பட்டியிலிருந்து என் அண்ணன் போன் பண்ணி மாப்பிள்ளைக்குப் பாராட்டு சொல்கிறான். என் கூடப்பிறந்தவன்! போனில் ரெசின் பற்றி அவனிடம் மணிக்கணக்காகப் பேசியவள் நான். அவனுக்கும் தோன்றவில்லையே.

போடியிலிருந்து உக்கிரபாண்டி என்று ஒருவர், அவரும் லான்சர் வைத்திருக்கிறாராம், அதே மாதிரி செய்ய வேண்டும், முக்கியமாக அந்த இடது பக்கத்து உயரம் வேண்டும் என்கிறாராம். மே கடைசியில் வண்டியைப் பார்க்க வருகிறார்.

"அச்சு இருக்குல்ல சத்யா, போட்டுக் குடுத்துருவோம்" என்றார் ஜெயபாண்டி.

போட்டுக் குடுத்துருவோமாம்.

5 மே

லீவு விட்டாச்சு. அவர் தேனி லைனுக்குக் கிளம்பினதும் ஷெட்டைத் திறந்தேன். வண்டி மேலெல்லாம் தூசி. இத்தனை நாளில் ஒருவர் துடைக்கவில்லை.

கட்டிங் மெஷினை எடுத்து இடது பின் வளைவை அறுத்தேன். மாமியார் சத்தம் கேட்டு வந்து பார்த்தார். நான் முகமூடியைக் கழற்றாமலே பார்த்தேன். திரும்பிப் போய்விட்டார்.

12 மே

டயருக்கு நானே காற்று அடித்தேன். இந்தத் தடவை வண்டியின் உடம்பிலிருந்து அளந்தேன். மறுபடி மண், மறுபடி அச்சு. வெயில் கொளுத்துகிறது, ஹார்ட்னரைப் பாதியாகக் குறைத்தும் ரெசின் சீக்கிரம் இறுகுகிறது. கோபத்தில் செய்கிறேனா ஆசையில் செய்கிறேனா? இன்றைக்கு மத்தியானம் ஆசைதான்.

20 மே

பெயிண்ட் முடிந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல. அழகி.

தினமும் சாயங்காலம் பைக்கை வண்டிக்குப் பக்கத்தில்தான் நிறுத்துகிறார். இன்றைக்கும் நிறுத்தினார். ஹெல்மெட்டை அதன் பானெட்டில் வைத்துவிட்டு வந்து சோறு கேட்டார்.

25 மே, ஞாயிறு

உக்கிரபாண்டி வந்தார். சின்ன வயதுதான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் போனார், கோயிலுக்குப் போகிற மாதிரி. ஜெயபாண்டி பேச ஆரம்பித்தார். ரோட்டுச் சரிவு, ஒரு வருட யோசனை, எல்லாம்.

பையன் இடது பின்பக்கம் போனார். வலது பக்கம் போனார். திரும்ப இடது பக்கம் வந்து குனிந்தார்.

"அண்ணே, அந்த ஒசரம் எங்கண்ணே? ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான இருக்கு?"

ஜெயபாண்டி குனிந்து பார்த்தார். கையை வைத்துத் தடவினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். ஊரையே பேசி மயக்குகிற வாய், "அது வந்து தம்பி... அது..." என்பதற்கு மேல் போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "சத்யா..." என்றார்.

ஏதாவது சொல்லு, காப்பாத்து என்கிற குரல். ஒரு நிமிஷம் என் வாய் திறந்தது. அதுதான் எனக்கே அசிங்கம். இன்னமும் அவருக்காகத் திறக்கிறது இந்த வாய்.

"உக்காருங்க தம்பி, டீ போட்டுட்டு வாரேன். சர்க்கரை எம்புட்டு போடட்டும்?"

போட்டுக் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று பையன் கிளம்பிவிட்டார். ஜெயபாண்டி வண்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப பண்ணுன?"

"மே மாசம் பூரா. பகல்ல."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"நீங்க பாக்கலையே மாமா."

மாமா என்று வந்துவிட்டது. திரும்பி உள்ளே வந்து அழுதேன்.

28 மே

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "நாலு டயருக்கும் காத்து அடிச்சிட்டேன்" என்றார், கேட்காமலே. சரி என்றேன். பைக் தெருமுனை திரும்பியதும் காற்று அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்தேன்.

நாலும் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் வைத்துப் பார்த்தேனே.